மானாவாரிச் சரளை நிலத்தில் நார்க்கற்றாழை நடலாமா?

கேள்வி: தருமபுரி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. சரளை மண், கிணறு கிடையாது. மழை பெய்தால் கொள்ளு விதைப்பதோடு சரி. வரப்பு ஓரத்தில் பெரிய கற்றாழை தானாகவே வளர்ந்து நிற்கிறது. இதையே நிலம் முழுக்க நட்டு நார் எடுக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். அந்த நார் உண்மையிலேயே அவ்வளவு வலிமையானதா? எப்படி வளர்ப்பது, எப்படி எடுப்பது, எதற்கெல்லாம் பயன்படும்?

பதில்:

உங்கள் நிலத்தில் நார்க்கற்றாழை வளரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாரும் வலிமையானதுதான். ஆனாலும் உடனே நடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நார் வாங்கி விற்கும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். இந்தப் பயிரை நட்டு நொடித்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடச் செடி வளராமல் நொடிக்கவில்லை. மடலை வெட்டிய பிறகு அதை உரிக்க வழியில்லாமல்தான் நொடித்தார்கள். இந்தப் பயிரில் லாபமும் நட்டமும் உரிக்கும் களத்தில்தான் தீர்மானமாகின்றன. ஆகவே உரிப்பதைப் பற்றித்தான் நிறையச் சொல்லப்போகிறேன். மற்றவற்றைத் தேவையான அளவுக்குச் சொல்கிறேன்.

முதலில் எந்தக் கற்றாழை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம், ஏனென்றால் இங்கேயே பலர் தவறிவிடுகிறார்கள். சோற்றுக்கற்றாழை வேறு குடும்பம். அதில் நமக்கு வேண்டிய நார் இல்லை. உங்கள் வரப்பில் நிற்பது பெரும்பாலும் ஆனைக்கற்றாழையாக இருக்கும். ரயில் பாதை ஓரத்தில் வேலியாக நட்டதால் ரயில் கற்றாழை என்றும் சொல்வார்கள். மடலின் இரு விளிம்பிலும் ரம்பம்போல முள் இருந்தால் அது இதுதான். இதிலும் நார் உண்டு, நம் ஊர்களில் காலங்காலமாகக் கயிறு திரித்திருக்கிறார்கள். ஆனால் உலகச் சந்தையில் சிசல் என்ற பெயரில் விலைபோகும் நார் இதன் உறவான இன்னொரு செடியிலிருந்து வருகிறது. தாவரவியலில் அதற்கு அகேவ் சிசலானா என்று பெயர். நார்க்கற்றாழை என்று நான் இங்கே சொல்வது இதைத்தான். வளர்ந்த செடியின் மடல் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், வழவழப்பாக இருக்கும். நுனியில் மட்டும் கருத்த முள் ஒன்று ஊசிபோல நிற்கும். ஆயிரக்கணக்கான மடல்களைக் கையால் வெட்டிச் சுமப்பவர்களுக்கு அந்த வழவழப்பான விளிம்பு எவ்வளவு பெரிய உதவி என்பது ஒரு நாள் வேலை செய்தால் தெரியும்.

மருளும் இந்த வகைதான் என்று சிலர் நினைக்கிறார்கள். மருள் தனிச் செடி. அதன் நார் மெல்லியது, உறுதியானது. வில்லுக்கு நாண் திரித்த நார் அது. ஆனால் மடல் சிறியது, ஏக்கர் கணக்கில் நட்டு விற்கும் அளவுக்கு எடை தேறாது.

இனி வலிமையைப் பார்ப்போம். ஒரு மடலைக் குறுக்கே வெட்டி வெட்டுவாயைப் பாருங்கள். பச்சைச் சதைக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாரின் முனை. ஒரு மடலில் ஏறத்தாழ ஆயிரம் நார்கள் இருக்கும். தோலை ஒட்டி நெருக்கமாக நிற்பவை மடலை விறைப்பாக நிமிர்த்தி வைக்கும் தாங்கு நார்கள். நடுவில் வரிசையாக ஓடுபவை நீரும் உணவும் செல்லும் குழாய்களுக்குத் துணையாக நிற்பவை. இவைதான் மடலின் அடியிலிருந்து நுனிவரை முழு நீளத்துக்கும் வரும். நல்ல மடலில் ஒரு மீட்டருக்குக் குறையாத நார் கிடைக்கும்.

நாம் ஒரு நார் என்று கையில் பிடிப்பதே ஒரு கட்டுதான். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய உயிரணுக்கள் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி, ஒன்றின் முனை இன்னொன்றின் இடுப்பில் செருகி நீளமாக ஓடுகின்றன. கயிற்றில் புரி சேர்ப்பது போலத்தான். ஒவ்வொரு அணுவின் சுவரிலும் செல்லுலோஸ் நூலிழைகள் சுருளாகச் சுற்றியிருக்கின்றன. அந்தச் சுருள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் நாரின் குணத்தைத் தீர்மானிக்கிறது. தென்னை நாரில் சாய்வு 40 டிகிரிக்கு மேல். அதனால் இழுத்தால் ஸ்பிரிங் போல நீளும், ஆனால் பெரிய பாரத்தைத் தாங்காது. கற்றாழை நாரில் சாய்வு ஏறத்தாழ 20 டிகிரி. இழைகள் ஏறக்குறைய நேராக நிற்பதால் இழுத்தாலும் அதிகம் நீளாது, தன் நீளத்தில் சில சதவீதம் மட்டுமே கொடுத்துப் பாரத்தைத் தாங்கும். தென்னை நாரைவிட இது இரண்டு மூன்று மடங்கு இழுவலிமை உள்ளது.

பொருளாலும் இரண்டும் வேறு வேறு. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருள் தென்னை நாரில் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. கற்றாழை நாரில் அது 10 சதவீதம் அளவில்தான். மூன்றில் இரண்டு பங்கு செல்லுலோஸ். லிக்னின் குறைவு என்பதால் வெள்ளையாக இருக்கிறது, சாயம் நன்றாக ஏறுகிறது. அதே காரணத்தால் ஈரத்தில் தென்னை நார் அளவுக்குத் தாக்குப்பிடிக்காது. மாதக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும் வேலைக்குக் கயிற்று வடம் கேட்டு வருபவர்களை நான் தென்னை நார்க் கடைக்கு அனுப்பிவிடுவேன். கடலுக்கு என்றே புகழ்பெற்றது இன்னொரு நார்: பிலிப்பைன்சில் வாழை இனச் செடி ஒன்றிலிருந்து எடுக்கும் அபாகா, மணிலாக் கயிறு என்று கப்பல்காரர்கள் சொல்வது. கற்றாழை நாருக்கு இடம் தரைதான். உலர்ந்த இடத்தில் வைத்தால் பல ஆண்டு இருக்கும். நனைந்து காயாமல் சுருட்டி மூலையில் போட்டால் மட்கிவிடும்.

நைலான் கயிற்றோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களும் உண்டு. எடைக்கு எடை நைலான்தான் வலிமையானது. ஆனால் கற்றாழைக் கயிற்றில் போட்ட முடிச்சு நழுவாது. நாரின் சொரசொரப்பு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். உராய்வில் உருகாது. இழுத்து அறுந்தால் நைலான் போலச் சவுக்காகத் திருப்பி அடிக்காது. கால்நடைக்குக் கட்டும் கயிறு, மூட்டை கட்டும் கயிறு, ஏணி பிணைக்கும் கயிறு ஆகியவற்றில் இந்தக் குணங்கள்தான் முக்கியம்.

இந்தச் செடியின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், சந்தையைப் புரிந்துகொள்ள அது உதவும். மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தில் சிசல் என்று ஒரு சிறு துறைமுகம். அங்கிருந்து கப்பலேறிய நார்ச் சிப்பங்களுக்கு ஊரின் பெயரே பெயராயிற்று. உண்மையில் அங்கு பெருமளவில் பயிரானது ஹெனிகென் என்ற வேறொரு கற்றாழை. பெயர் மட்டும் நம் செடிக்கு வந்து ஒட்டிக்கொண்டது. 1880-களில் அமெரிக்கக் கோதுமை வயல்களில் அறுத்த தாளைத் தானே கட்டும் இயந்திரம் பரவியது. கட்டுவதற்கு முறுக்கு நூல் வேண்டுமே! யுகாத்தானில் நாரைப் பச்சைத் தங்கம் என்றார்கள். மெரிடா நகரத்தில் தோட்ட முதலாளிகள் மாளிகை மாளிகையாகக் கட்டினார்கள். அந்தத் தோட்டங்களில் மாயா மக்கள் கடனில் கட்டுண்டு தலைமுறையாக மடல் வெட்டினார்கள். இதையும் சேர்த்துச் சொல்லாமல் அந்த மாளிகைகளைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு ஒப்பாது.

1893-இல் ரிச்சர்ட் ஹிண்டார்ப் என்ற ஜெர்மானிய வேளாண் அறிஞர் புளோரிடாவிலிருந்து ஆயிரம் சிறு கன்றுகளைத் தருவித்துக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார். வழியில் வாடிச் செத்தவை போக உயிரோடு போய்ச் சேர்ந்தவை 62. இன்றைய தான்சானியாவின் பெருந்தோட்டங்கள் எல்லாம் அந்த 62 கன்றுகளின் வழி வந்தவை. 1964-இல் அந்த நாடு 2 லட்சத்து 30 ஆயிரம் டன் நார் எடுத்து உலகில் முதலிடத்தில் நின்றது. பிறகு பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூல் மலிவாக வந்தது, நார் விலை சரிந்தது. 1967-இல் தோட்டங்கள் பலவற்றை அரசு எடுத்துக்கொண்டது. முப்பது ஆண்டுகளில் உற்பத்தி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. இன்று முதலிடம் பிரேசிலுக்கு, அதிலும் பாஹியா மாநிலத்தின் வறண்ட பகுதிக்கு. செடி அதேதான், மண்ணும் மாறவில்லை. பிளாஸ்டிக் நூலின் விலை இந்தப் பயிரை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

சாகுபடிக்கு வருகிறேன். மழை 600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் எந்த வறண்ட காட்டிலும் இது பிழைக்கும். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவைச் சேமித்துவைக்கும் செடி இது. வெயிலில் நீரை இழப்பதில்லை. ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். உங்கள் சரளை மேடு இதற்கு ஏற்ற இடம். பள்ளத்தில் களி மண் இருக்கும் மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். சுண்ணாம்புச் சத்து இந்தச் செடிக்கு மிகவும் வேண்டும். சுக்கான் கல் கலந்த மண் இருந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

விதை போட்டு வளர்ப்பதில்லை. இந்தச் செடி முளைக்கும் விதை தருவது மிக அரிது. தாய்ச்செடியின் அடியில் வரும் பக்கக் கன்றுகளையோ, பூந்தண்டில் காய்க்கும் சிறு கன்றுகளையோதான் நடவேண்டும். பூந்தண்டுக் கன்றுகளே மேல், ஒரே அளவில் நிறையக் கிடைக்கும். ஒரு தண்டிலேயே ஆயிரத்துக்கும் மேல் வரும். விரலளவு இருக்கும் அவற்றை நாற்றங்காலில் ஓராண்டு வளர்த்து, முழங்கால் உயரம் வரும்போது எடுத்து, வேரை நறுக்கி, பருவமழைக்கு முன்பே வயலில் நடவேண்டும்.

நடும் முறையில் பலர் இடத்தைச் சுருக்கிவிடுகிறார்கள். இரட்டை வரிசையாக நடுங்கள். இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு மீட்டர், செடிக்குச் செடி ஒரு மீட்டர், அடுத்த இரட்டை வரிசைக்கு மூன்றரை மீட்டர் இடைவெளி. ஏக்கருக்கு ஏறத்தாழ 1,800 செடி பிடிக்கும். அந்த மூன்றரை மீட்டர் வீணாகத் தோன்றும். நான்காம் ஆண்டில் மடல்களைச் சுமந்துகொண்டு முள்ளில் குத்துப்படாமல் நடக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். முதல் இரண்டு ஆண்டுகள் அந்த இடைவெளியிலேயே வழக்கம்போலக் கொள்ளோ தட்டைப்பயறோ விதைத்துக்கொள்ளலாம். களையை மட்டும் அந்த இரண்டு ஆண்டும் விட்டுவைக்கக் கூடாது. கன்றுப் பருவத்தில் புல் மூடினால் செடி குன்றிப்போகும், பிறகு தேறவே தேறாது.

தண்ணீர் வேண்டாம், உரமும் வேண்டாம் என்று சொல்லி விற்பார்கள். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. வெட்டும் ஒவ்வொரு மடலோடும் சுண்ணாம்பும் பொட்டாசியமும் மண்ணை விட்டுப் போகின்றன. பொட்டாசியம் குறைந்தால் மடலின் அடிப்பகுதியில் பட்டையாகக் கருகும், அந்த இடத்தில் நார் அறுந்துபோகும். இதற்கு மலிவான மருந்து உரித்த சக்கையையே மட்கவைத்து வயலுக்குத் திருப்புவது.

நட்டு மூன்றாம் ஆண்டில் முதல் வெட்டு. தண்டோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும் மடல்களைத் தொடக் கூடாது. சாய்ந்து விரிந்துவிட்ட அடிமடல்களை மட்டும் வெட்டி, செடியின் தலையில் இருபதுக்குக் குறையாத மடல்களை விட்டுவைக்க வேண்டும். பேராசைப்பட்டு மொட்டையடித்தால் அடுத்த ஆண்டு மடல் குட்டையாக வரும், நாரின் நீளம் குறையும், விலை பாதியாகும். வெட்டுபவர் முதலில் நுனிமுள்ளைச் சீவிவிட்டு அதன்பிறகே மடலை அறுப்பார். அந்த ஒழுங்கு மாறவே கூடாது. கண்ணுக்கு நேரே இருக்கும் முள் அது. மடலின் சாறு தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும், கொப்புளம்கூட வரும். சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் கூலிக்கு ஆளை இறக்காதீர்கள்.

ஒரு செடி தன் வாழ்நாளில் 200 முதல் 250 மடல்கள் தரும். ஏழிலிருந்து பத்து ஆண்டு ஆனதும் நடுவிலிருந்து பூந்தண்டு கிளம்பி ஐந்தாறு மீட்டர் உயரத்துக்குப் போகும். குலை தள்ளிய வாழைபோல அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. அந்தத் தண்டில் வரும் கன்றுகள்தான் உங்கள் அடுத்த நடவு.

இப்போது உரிப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களுடையது போன்ற நிலத்தில் ஒரு செடியிலிருந்து ஆண்டுக்கு 20 மடல், மடல் ஒன்று 400 கிராம் என்று அடக்கமாகவே வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 36,000 மடல், எடை 14 டன்னுக்கு மேல். அதில் நார் நூற்றுக்கு மூன்று பங்குதான் தேறும். அதாவது 430 கிலோ. மீதி 14 டன்னும் சக்கையும் சாறும். மூன்று ஏக்கருக்குச் சேர்த்தால் 43 டன் மடலைக் கையாண்டு 1,300 கிலோ நார் எடுக்கிறீர்கள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வெட்டிய மடல் காத்திருக்காது. இரண்டு நாளுக்குள் உரித்தாக வேண்டும், மறுநாளே உரித்தால் இன்னும் நல்லது. தாமதித்தால் சதை வற்றி, சாற்றின் பசை நாரோடு ஒட்டிக் காய்ந்துவிடும். பிறகு எவ்வளவு அலசினாலும் பழுப்புக் கறை போகாது. எனக்கு இது நேர்ந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லாரி மடலை வாங்கி இறக்கினேன். அன்று மாலையே இயந்திரத்தின் பெல்ட் அறுந்தது. பொங்கல் விடுமுறை, கடைகள் திறக்கவில்லை. நான்காம் நாள் உரித்தபோது மடலுக்குள்ளிருந்து வந்தது வைக்கோல் நிற நார். தொட்டால் மொரமொரவென்று ஒடிந்தது. கயிறு திரிக்கும் பெரியவர் ஒருவர் ஒரு பிடியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பி வைத்தார். அந்த லாரி முழுதும் மெத்தைக்குள் திணிக்கும் கழிவு நாராக அடிமாட்டு விலைக்குப் போயிற்று. அன்றிலிருந்து உதிரி பெல்ட் இல்லாமல் நான் மடல் இறக்கியதில்லை.

நம் ஊர்ப் பழைய முறை ஊறப்போடுவது. மடலை நசுக்கிக் குட்டையில் வாரக்கணக்கில் போட்டு, சதை அழுகியதும் கட்டையால் அடித்து அலசுவார்கள். செலவு குறைவு. ஆனால் நார் நிறம் மங்கி வரும், வலுவும் சற்றுக் குறையும். குட்டைத் தண்ணீர் நாறும், மீன் மிதக்கும். சாற்றில் சோப்புபோல நுரைக்கும் சப்போனின் என்ற பொருள் மீனின் செவுளுக்கு நஞ்சு. ஊர் ஏரியிலோ கால்நடை குடிக்கும் குட்டையிலோ இதைச் செய்யவே கூடாது.

இயந்திர முறைதான் சந்தைக்கு ஏற்றது. வேகமாகச் சுழலும் உருளையில் மழுங்கிய இரும்புப் பட்டைகள் பதித்திருக்கும். அதற்கு எதிரே ஒரு தாங்குபலகை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி நாரின் தடிப்புக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மடலைப் பாதிவரை உள்ளே கொடுத்தால் பட்டைகள் சதையை அடித்துத் தூளாக்கித் தள்ளிவிடும், நார் நடுவில் நெளிந்து தப்பித்துக்கொள்ளும். வெளியே இழுத்து, உரித்த முனையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மறுபாதியை உள்ளே விடவேண்டும். இழுக்கும்போது பச்சை மடல் வெள்ளைக் கூந்தலாக மாறி வருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இடைவெளி கொஞ்சம் கூடினால் சதை ஒட்டிக்கொண்டு வரும். குறைந்தால் நார் அறுந்து சக்கையோடு போகும். அதைச் சரியாக வைக்கத் தெரிந்தவரே இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்.

அந்தச் சுற்றிப் பிடிக்கும் கைதான் ஆபத்தும். நார் விரலில் சுற்றியிருக்கும்போது மடல் உள்ளே இழுபட்டால் கையும் உடன் போகும். பிரேசிலின் நார்ப் பகுதிகளில் இந்தச் சிறு இயந்திரங்களால் விரலும் கையும் இழந்த தொழிலாளர்கள் மிகப் பலர். ஊட்டும் வாயில் நீளமான கூண்டுத் தகடும், காலால் மிதித்தால் உடனே நிறுத்தும் கட்டையும் இல்லாத இயந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெரிய தோட்டங்களில் மடல் தானே நகர்ந்து போகும் இயந்திரங்கள் இருக்கின்றன, கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் அவை நூற்றுக்கணக்கான ஏக்கர் மடலுக்கு உரியவை.

உரித்த நாரை அன்றே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கிணறு இல்லை என்கிறீர்கள். இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சிக்கல். செடிக்குத் தண்ணீர் வேண்டாம், நாருக்கு வேண்டும். அலசியதைக் கம்பியில் தொங்கவிட்டு வெயிலில் காயவைத்தால் வெயிலே வெளுத்துக் கொடுக்கும். முழுக்கக் காயாமல் கட்டினால் சிப்பத்துக்குள் பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததைச் சீப்புப் பலகையில் வாரி, தூசியும் குட்டை நாரும் நீக்கி, நீளத்தையும் நிறத்தையும் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் நீளமும் வெண்ணெய் நிறமும் உள்ள நாருக்கும், அதே செடியில் விளைந்த கறைபட்ட குட்டை நாருக்கும் வாங்குபவர் ஒரே விலை தரமாட்டார்.

பயன்கள் என்று கேட்டீர்கள். கயிறும் முறுக்கு நூலும்தான் பெரும்பங்கு. வெளிநாடுகளில் வைக்கோல் உருட்டுகளைக் கட்ட இதையே விரும்புகிறார்கள், மாடு தப்பித்தவறித் தின்றாலும் பிளாஸ்டிக் போல வயிற்றில் தங்காது. தரைவிரிப்பு, பை, தூரிகை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை.

இரண்டு பயன்களைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. நீங்கள் ஏறும் லிஃப்டைத் தாங்கும் எஃகு வடத்தை அறுத்துப் பார்த்தால், நடுநரம்பாகப் பல நேரம் இந்த நார்க் கயிறே ஓடும். எண்ணெய் ஊறவைத்த அந்த நார், சுற்றியிருக்கும் எஃகுப் புரிகளுக்கு மெத்தையாகவும் இருக்கும், வடம் வளையும்போதெல்லாம் கொஞ்சம் எண்ணெய் கசிந்து உராய்வையும் தணிக்கும். இன்னொன்று, அம்பு எறிந்து விளையாடும் டார்ட் பலகை. நாரை நீளவாக்கில் படுக்கவைக்காமல், கட்டுக் கட்டாக நிமிர்த்தி இறுக்கி, அதன் வெட்டுமுனைகளே பலகையின் முகமாக இருக்கும்படி செய்கிறார்கள். அம்பு நாரைக் குத்துவதில்லை, நார்களுக்கு நடுவே புகுகிறது. பிடுங்கியதும் நார்கள் மீண்டும் நெருங்கித் துளை மூடிக்கொள்கிறது. ஆயிரம் முறை குத்தியும் பலகை முழுசாக இருப்பதன் ரகசியம் அதுதான். உலோகப் பாத்திரங்களுக்கு மெருகேற்றும் சுழல் சக்கரங்களிலும், ஜிப்சம் அச்சு வேலைகளில் விரிசல் விடாமல் பிடிக்கவும், கார்களின் உள்பக்கப் பலகைகளில் கண்ணாடி இழைக்குப் பதிலாகவும் இது போகிறது. சிமெண்டில் கலப்பவர்களும் உண்டு. சிமெண்டின் காரம் நாளடைவில் நாரை அரித்துவிடும் என்பதால் நான் அதை ஊக்குவிப்பதில்லை.

சக்கையைக் குப்பையாக நினைக்காதீர்கள். சாற்றில் ஹெக்கோஜெனின் என்ற பொருள் உண்டு. அதிலிருந்து ஸ்டீராய்டு மருந்துகள் செய்திருக்கிறார்கள். தான்சானியாவில் ஹாலே என்ற தோட்டத்தில் சக்கையிலிருந்து சாண எரிவாயுபோல வாயு எடுத்து மின்சாரமே தயாரித்தார்கள். மூன்று ஏக்கருக்கு அதெல்லாம் பெரிய பேச்சு. உங்களுக்கு அது உரம், அது போதும்.

இத்தனையும் படித்த பிறகு என்ன செய்வது? மூன்று ஏக்கரையும் ஒரேயடியாக நடாதீர்கள். தனியாக மூன்று ஏக்கருக்கு ஓர் இயந்திரம் கட்டுபடியாகாது, ஆண்டில் பெரும்பகுதி சும்மா நிற்கும். உங்கள் பக்கத்தில் இதேபோலச் சரளை மேடு வைத்திருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து முப்பது நாற்பது ஏக்கர் தேறுமா என்று பாருங்கள். தேறினால், தண்ணீர் வசதியுள்ள ஒருவர் இடத்தில் ஒரு இயந்திரம் போட்டு, வாரத்துக்கு ஒரு வீட்டு நிலம் என்று முறைவைத்து வெட்டலாம். இயந்திரம் ஒரு நாளில் எவ்வளவு உரிக்குமோ அவ்வளவுதான் அன்று வெட்ட வேண்டும். சேராவிட்டால், நிலத்தைச் சுற்றி வேலியாக இரண்டு வரிசை மட்டும் நடுங்கள். ஆடுமாடு உள்ளே வராது, மண் அரிக்காது, உள்ளே கொள்ளு விதைப்பதும் நிற்காது. கன்றுக்கும் ஆலோசனைக்கும் ஒடிசாவின் பாம்ராவில் இந்தப் பயிருக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். இடைத்தரகரிடம் கன்றுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் வாயால் சொல்வதை நம்பி நட்டவர்களைத்தான் முதலில் குறிப்பிட்டேன்.

அதற்கு முன் இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம். வரப்புக் கற்றாழையில் சாய்ந்து கிடக்கும் அடிமடல் ஒன்றை, நுனிமுள்ளையும் பக்க முள்ளையும் சீவிவிட்டு அறுத்துக்கொள்ளுங்கள். கையில் பழைய துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு கல்லின் மேல் வைத்து மரச் சுத்தியால் அடிமுதல் நுனிவரை மெல்ல நசுக்குங்கள், நார் நைந்துவிடும்படி ஓங்கி அடிக்க வேண்டாம். பிறகு சாய்ந்த பலகையில் கிடத்தி, மழுங்கிய கத்தியைச் சரிவாகப் பிடித்து, உங்களை நோக்கி வழித்துக்கொண்டே வாருங்கள். பச்சைச் சதை குழம்பாக வழிந்து வரும், அடியில் வெள்ளை நார் தெரியும். திருப்பிப்போட்டு மறுபக்கமும் வழியுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் மூன்று முறை அலசி, கொடியில் தொங்கவிட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். காய்ந்த நாரை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ மடலுக்கு 30 கிராம் வந்தால் நான் போட்ட கணக்கு உங்கள் நிலத்துக்கும் பொருந்தும். எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதை 36,000 மடலால் பெருக்கினால், உங்கள் ஒரு ஏக்கருக்கு ஏன் இயந்திரம் வேண்டும் என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும்.